எட்டாம் தொட்டியின் மணல்

தொட்டியக்காவுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. மீன் காட்சிசாலைக்குத் தரை கூட்ட வந்தவள், பதினாறு வருஷத்தில் பதினோரு தொட்டிகளையும் பார்த்துக்கொள்கிறவளாகிவிட்டாள். ஆனாலும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. அவள் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். "உன்னைப் பெத்தப்பவே கால்ல சக்கரத்தை மாட்டி அனுப்பிட்டாங்க" என்பார்.

இந்த ஐந்தாறு நாளாக இருந்தது வேறு. அது ஓட்டமில்லை, இருப்புக்கொள்ளாமை. சோற்றில் கை வைத்தால் எட்டாம் தொட்டி. கண்ணை மூடிக் கும்பிட்டால் அங்கேயும் எட்டாம் தொட்டி.

அந்தத் தொட்டியில் இருந்தவை மணல்மீன்கள். பலகையில் நீளமாக ஏதோ பேர் எழுதியிருந்தது. அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். விரல் நீளம், பென்சில் கனம், வெள்ளி மினுக்கு. கரையோரத்தில் அலை அலசிப்போட்ட மணலில் குடியிருக்கிறவை. பசித்தால் கூட்டமாக எழும்பி மேயும். பயந்தாலும் அலுத்தாலும் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் புகுந்துவிடும். வீடும் மணல், கதவும் மணல், போர்வையும் மணல். படைத்தவன் அவற்றுக்குப் பல்லும் கொடுக்கவில்லை, விஷமும் கொடுக்கவில்லை. ஒரு கூர்மூக்கையும் புகுந்துகொள்ள மணலையும் கொடுத்திருந்தான்.

வருகிற ஜனங்களுக்கு அது புரியுமா? "காலித் தொட்டியைக் காட்டவா டிக்கெட்டு?" என்று கேட்பார்கள். உள்ளே இருக்கு, வரும், கொஞ்சம் பொறுங்க என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவாள். பொறுப்பவர்கள் யாருமில்லை. ஒரு மத்தியானம் நாக்கு வறண்டு போய், மேனேஜரிடம் வாயைவிட்டுவிட்டாள்: மணலை எடுத்துவிட்டுக் கூழாங்கல்லைப் போட்டால் இதெல்லாம் எங்கே போய் ஒளியும் என்று.

மேனேஜருக்கு யோசனை பிடித்துவிட்டது. மறுநாளே வெள்ளைக் கூழாங்கல் வந்து இறங்கியது. நாற்பது மீனும் கண்ணாடிக்குள் மினுமினுவென்று சுற்ற, எட்டாம் தொட்டி முன்னால் கூட்டம் நெரிந்தது. எல்லார் முன்னாலும் மேனேஜர் அவளைப் பாராட்டினார். இரண்டு நாள் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்தாள். ஒவ்வொன்றின் மூக்கும் சிவந்திருந்தது. சுற்றிச் சுற்றி வரும். திடீரென்று ஒன்று தலைகீழாகப் பாயும், கல்லில் முட்டும், துள்ளி மேலே வந்து மறுபடி சுற்றும். காலையில் வந்தாலும் சுற்றல், சாயங்காலம் கதவைச் சாத்தும்போதும் அதே சுற்றல். நான்காம் நாள் ஒன்று மிதந்தது. ஏழாம் நாளுக்குள் ஒன்பது.

நோய் என்று நினைத்து மேனேஜர் மருந்து ஊற்றச் சொன்னார். தண்ணீர் நீலமானதுதான் மிச்சம். காரணம் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் பாராட்டு வாங்கின அதே வாயால் திட்டும் வாங்க வேண்டும், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னும் இரண்டு மிதக்கும். ஆண்டவனே, என் வாயால் கெட்டது, என் வாயாலேயே சொல்ல வை என்று வேண்டிக்கொண்டு, எட்டாம் நாள் காலை ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றாள்.

முழுக்கக் கேட்ட மேனேஜர், "அப்ப அன்னைக்கு ஏன்மா அப்படிச் சொன்னே?" என்றார்.

"பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு சார். என் அலுப்பை அதுங்க தலையில போட்டுட்டேன்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு ஒரு நாள் தவணை கொடுத்தார். மணலைப் போடலாம், ஆனால் மறுநாள் பதினோரு மணித் தீனிக்கு மீன் மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு பளபளப்பான மீன் விடப்படும்.

பம்பு அறைக்குப் பின்னால் மூட்டையில் கிடந்த பழைய மணலை உப்புத் தண்ணீரில் ஏழு தடவை அலசினாள். கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கிண்ணம் கிண்ணமாக அடியில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். மூன்றாம் கிண்ணம் படியுமுன்பே ஒன்று பாய்ந்தது. பிறகு மழை பெய்கிற மாதிரி எல்லாம் பாய்ந்தன. மணலைச் சமன்படுத்தி நிமிர்ந்தபோது தொட்டியில் தண்ணீரைத் தவிர எதுவுமில்லை.

மறுநாள் பதினோரு மணி. தீனியைத் தூவினாள். தீனி மெல்ல இறங்கி மணலில் படிந்தது. பத்து நிமிஷம் போனது. டிக்கெட் கொடுக்கிற அம்மா எட்டிப்பார்த்து, "உள்ளுக்குள்ளயே செத்துக்கித்துப் போச்சா அக்கா?" என்று கேட்டாள். மேனேஜர் வலைக்குச்சியை எடுத்து, லேசாகக் கிளறிப் பார்க்கலாமா என்று தண்ணீருக்குள் விட்டார்.

தொட்டியக்கா குச்சியைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் அவர் கையிலிருந்த எதையும் அவள் தொட்டதில்லை.

"வேணாம் சார். எட்டு நாளாத் தூங்காததுங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

மேனேஜர் அவளைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "அதுக்கு நான் என்ன பண்ணணும்? மீன் தூங்குதுன்னு போர்டு வைக்கவா?" கிண்டலாகத்தான் கேட்டார்.

"வைங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் வைக்கவும் செய்தார். அட்டையில் கொட்டை எழுத்தில், "மீன்கள் மணலுக்குள் உறங்குகின்றன. சத்தம் போடாதீர்கள்."

அன்று மத்தியானம் வந்தவர்கள் ஒருவரும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துவந்து, வெறும் மணலைக் குனிந்து பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ஓர் அம்மா தன் புருஷனைத் தும்மக்கூட விடாமல் வாயைப் பொத்தினாள்.

மூன்றே கால் மணிக்கு, ஓரத்தில் ஊசி முனை மாதிரி ஒரு மூக்கு மணலுக்கு வெளியே நீண்டது. சிவப்பு இன்னும் ஆறவில்லை. அது மேலே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

மேனேஜரைக் கூப்பிட எழுந்த தொட்டியக்கா, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.