சாய்ந்தமருதுக் கரையில் சிவப்பு நாடா கட்டிய செடிகள்

நோன்பு தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, நித்தியகல்யாணி இலை பறிக்க இரண்டாவது தடவையாகச் சாய்ந்தமருதுக்குப் போனேன். அந்த இலைச்சாறு புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் வேலை. முதல் தடவை கொண்டுபோன இலை நல்ல முடிவு தந்தது. ஒருமுறை வந்த முடிவை நம்பக்கூடாது, அதே செடிகளில் மறுபடி பறித்துப் பார்க்க வேண்டும்.

கண்டியில் காலை 5.15க்கு பஸ், கட்டணம் 820 ரூபாய். கல்முனையில் இறங்கும்போது 11.50. பின் இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள், முதுகு கழன்றுவிடும். திரும்பும் பஸ் 2.30க்கு. அதைத் தவறவிட்டால் இலை வைக்கக் கொண்டுபோகும் பெட்டியிலுள்ள ஐஸ் கரைந்து, பறித்த இலை வீணாகிவிடும்.

போன தடவை என்னை ஏற்றிய ஓட்டோக்காரர் றிஸ்வி நானா காத்து நின்றார். மூன்று கிலோமீற்றர், 400 ரூபாய். அன்று வாய் ஓயாமல் கதைத்த மனிதர் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பசியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு யாரும் வீடு கட்டாத கடலோரக் காணி ஒன்றில்தான் எங்கள் செடிகள் நிற்கின்றன. முதல் தடவை இலை பறித்த இருபது செடிகளுக்கு இலக்கம் எழுதிய சிவப்பு நாடா கட்டியிருந்தேன். அந்த இருபதும் மொட்டையாக நின்றன. நாடா இல்லாத செடிகளில் இலை அப்படியே இருந்தது. நாடா பார்த்து மேய்கிற ஆடு எந்த ஊரிலும் இல்லை.

யார் பறித்தது என்று கேட்டேன். நானா மணலைப் பார்த்தார்.

“நான்தான் மிஸ். நாடா கட்டினதுதான் மருந்துச் செடியெண்டு ராத்தாக்கு அவிச்சிக் குடுத்தம். கென்சர் செல்லெல்லாம் செத்துட்டெண்டு நீங்கதானே போன்ல சென்னீங்க.”

சொன்னேன்தான். ஒரு மாதத்துக்கு முன், முடிவு வந்த சந்தோஷத்தில், இந்தப் பயணத்துக்கு போனில் ஓட்டோ பேசும்போதே வாயை விட்டிருந்தேன். அவருடைய அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்பது எனக்குத் தெரியாது. ஆசுபத்திரி மருந்து முடியைக் கொட்டுகிறது என்று ஒரு மாதமாக அவர் கிளினிக் போகவில்லையாம். இரண்டு வேளையும் இந்தக் கசாயம்தான். நேற்றிலிருந்து காய்ச்சலும் வாந்தியும். மருந்து பிடிக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அந்தச் செடி இரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது. அந்த நிலையில் காய்ச்சல் என்றால் ஆளே போய்விடலாம். உடனே ராத்தாவிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது 12.40. ராத்தா பாயில் சுருண்டு கிடந்தார். ஆசுபத்திரிக்கு வரமாட்டேன் என்றார்.

“வேலை செய்யுதெண்டு சென்னதும் நீங்க, வேணாமெண்டு சொல்றதும் நீங்க. நான் எத நம்புற?”

“செத்தது ஆய்வுகூடத்துத் தட்டில வளர்த்த கலம் ராத்தா. அதில ப்ளீச் ஊத்தினாலும் சாகும். நீங்க ப்ளீச் குடிப்பீங்களா?”

ராத்தா எழுந்து உட்கார்ந்தார். வெளியே போட அபாயாவை எடுத்துத் தரச்சொன்னார்.

ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்து, உடனே வாட்டில் சேர்த்தார்கள். எந்த மடையன் இதைக் குடிக்கச் சொன்னது என்று டொக்டர் கேட்டார். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் கதைத்தார்கள் என்றார். அந்த மனிதர் என்னைக் காப்பாற்றப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் சொன்னேன் என்றேன். மணிக்கூட்டில் 2.35. என் பெட்டியில் ஐஸ் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை நானா போன் எடுத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டதாம், கிளினிக்குக்குப் புதுத் திகதி கொடுத்திருக்கிறார்களாம். செடிகளை என்ன செய்யட்டும் என்று கேட்டார். நாடாவை மட்டும் கழற்றிவிடச் சொன்னேன்.

இப்படி இலை பறிக்கப் போகிறவர்களுக்கு: வெயில் ஏறமுன் போங்கள், ஐஸை இரண்டு பெட்டியில் கொண்டுபோங்கள். செடிக்கு நாடா கட்டினால், ஏன் கட்டினீர்கள் என்பதைப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். கலம் செத்தது என்று யாரிடமாவது சொன்னால், ப்ளீச்சிலும் அது சாகும் என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். நான் ஒரு மாதம் பிந்திச் சொன்னேன்.