சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வி

பந்தல் வேலையில் விழுந்த என் கணவருக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அதில் சளி அடைத்தால் மெஷினின் சிறிய டியூபை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். மறுநாள் டிஸ்சார்ஜ். ஆரல்வாய்மொழி வீட்டில் அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் எல்லோரும் வேகமாகச் செய்து காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார்கள். பத்தாவதோடு நின்ற நான் கூச்சத்தில் தலையாட்டிவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதேன்.

மாலை டியூட்டிக்கு வந்த சிஸ்டர் மட்டும் என் அருகில் உட்கார்ந்தார். "அக்கா, இதுல உங்களுக்கு என்ன பயம்?"

"டியூப் உள்ள போனா அவருக்கு மூச்சு முட்டுது சிஸ்டர். எப்பம் எடுக்கணும்னு தெரியல்ல. எனக்க கையாலயே கொன்னுபோடுவேனோன்னு இருக்கு."

"நீங்களும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு டியூப உள்ள விடுங்க. உங்களுக்கு முட்டுறதுக்கு முன்ன எடுத்திருங்க. நான் பக்கத்துல நிக்கேன்."

செய்தேன். கணவரின் உடம்பு தூக்கிப்போட்டது, பதறி எடுத்துவிட்டேன். சிஸ்டர் என் கையிலிருந்து வாங்கவில்லை, காத்திருந்தார். சற்று விட்டு மறுபடி செய்தபோது சளி வந்தது.

என் வாய் தானாகத் திறந்தது. "கரண்டு போனா என்ன செய்ய?"

சிஸ்டர் சிரித்தார். "இப்பந்தான் அக்கா நீங்க படிக்கத் தொடங்கியிருக்கிய. காலால மிதிக்கிற மெஷின் உண்டு, காட்டுதேன்."

அவர் ஷிப்ட் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் என் கணவர் இன்னும் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் டியூபை விடுகிறேன். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களே, முதலில் எங்கள் பயத்தைக் கேளுங்கள். மிச்சத்தை நாங்களே கேட்டுக் கற்றுக்கொள்வோம். கற்காவிட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.