ஜவுபர் நானாவின் தொட்டியும் என் வயிற்றெரிச்சலும்

செய்தி வந்தபோது நான் அவருடைய கடையில், அவருடைய கதிரையில், அவருடைய மீன்தொட்டிக்கு முன்னால் இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகள் சப்னா போன் எடுத்தாள். "மாஸ்டர், வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றாள். நெஞ்சில் ஒப்பரேசன் முடிந்து கண் விழிக்கவே இல்லையாம். கொண்டுவந்து சேர்த்ததும் சொந்த ஊர் எருக்கலம்பிட்டியில் அடக்கம் என்றாள். என் வாய் "ஆண்டவரே" என்றது. மனம் அதைச் சொல்லவில்லை. 'இனி இந்தத் தொட்டி யாருக்கு?' என்றுதான் அது கேட்டது.

எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படித்து அதிர்ச்சியடையப் போவதில்லை. ஜவுபர் நானாவைப் பார்த்து நான் வயிறெரிந்தது மன்னார் பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கிறவருக்கும் தெரியும். செத்தவரைப் பற்றி நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை நாற்பது எழுதலாம், அவர் அப்படிப்பட்ட மனிதர். அதுதானே என் பிரச்சினையாகவும் இருந்தது.

நான் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன். வீட்டில் மூன்று தொட்டிகள். கப்பியும் ஏஞ்சலும் வளர்த்து ஊருக்கே குஞ்சு கொடுத்தவன். 'மீன் மாஸ்டர்' என்றால் நான்தான். டிஸ்கஸ் மீன் மட்டும் மன்னாரில் சரிவராது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அடித்துச் சொல்லி வைத்திருந்தேன். அது அமேசன் காட்டு ஆற்று மீன். உப்பும் சுண்ணாம்பும் இல்லாத மெல்லிய தண்ணீர் வேண்டும். எங்கள் தீவுக் கிணறுகளில் தேத்தண்ணி போட்டாலே கரிக்கும். இதில் டிஸ்கஸா என்று சிரித்திருக்கிறேன்.

ஜவுபர் நானா என்ன படித்தவர்? தையல் மெசின் திருத்துகிறவர். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கைவிட்டுத் துரத்தியபோது ஊர்ச் சனத்தோடு புத்தளம் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தவர். அந்த நாட்களில் சிலாபப் பக்கத்தில் ஏற்றுமதிக்கு மீன் வளர்க்கும் பண்ணையொன்றில் தொட்டி கழுவினாராம். "அங்க மீன் கண்ணாடி வீட்டில, நாங்க ஓலை வீட்டில, மாஸ்டர். ஊருக்குப் போனா எனக்கும் ஒரு கண்ணாடி வீடு வேணுமெண்டு அப்பவே நினைச்சன்" என்று என்னிடம் சொன்னார். திரும்பி வந்து மன்னார் ரவுனில் கடை திறந்தார். வீட்டுக் கூரை ஓரம் முழுக்கத் தகரப் பீலி போட்டு மாரி மழையைப் பீப்பாய்களில் பிடித்தார். அவ்வளவுதான். மழைத்தண்ணீர்! மெல்லிய தண்ணீர் வானத்திலிருந்து சும்மா விழுகிறது என்பது பட்டதாரியான எனக்கு முப்பது வருடமாகத் தோன்றவில்லை. அவருடைய மனைவி மட்டும், "மீன் மழைத்தண்ணில குளிக்குது, நாங்க உப்புத்தண்ணில குளிக்கிறம்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டியை அவர் அமைத்த நாளை நான் மறக்கமாட்டேன். ஐந்தடி நீளக் கண்ணாடி, உள்ளே விடச் செடிகளும் ஆறு டிஸ்கஸும். எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து ஏழு தரம் கழுவி அடியில் பரப்பியிருந்தார். பார்க்க அழகு. பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதில் பாதி சிப்பித் தூள். சிப்பி கரையக் கரைய மழைத்தண்ணீரும் கிணற்றுத்தண்ணீர் போலாகிவிடும். கடற்கரையில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் வருகிற பிழை இது. மணல் என்றால் எங்களுக்குக் கடற்கரை மணல்தான். "எப்பிடி மாஸ்டர்?" என்று கேட்டார். "வடிவா இருக்கு நானா" என்றேன். பொய்யில்லை, வடிவாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் செடிகள் மஞ்சளித்தன. ஆறு மீனும் சாப்பாட்டை மறந்து ஒரு மூலையில் ஒதுங்கின. நான் தினமும் பின்னேரம் போய்ப் பார்த்து, "அடடா, என்னவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். என்ன மனிதனடா நீ என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

அவர் கண்டுபிடித்தது தற்செயலாக. மெசின் எண்ணெய்க் கையை அவர் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துத்தான் கழுவுவார். ஒருநாள் அந்த எலுமிச்சைப் புளித் துளி மிச்சமாய்க் குவித்திருந்த மணலில் விழுந்து 'சுர்' என்று நுரைத்தது. மனிதர் குந்தியிருந்து பாதித் தேசிக்காயையும் பிழிந்து பார்த்தாராம். அன்றைக்கே தொட்டியை வெறுமையாக்கினார். அடுத்த கிழமை அருவியாற்று மணல் வந்தது. "மாஸ்டர், நீங்க கவனிக்கேல்லையா?" என்று ஒரேயொரு தரம் கேட்டார். "இல்லையே" என்றேன். "நானே கவனிக்கேல்ல, உங்கள என்ன சொல்ல" என்று சிரித்தார். அதன்பின் தொட்டி பார்க்க வருகிற எல்லாரிடமும் தன் மணல் மடத்தனத்தை முதல் கதையாகச் சொல்வார். அந்தக் கதையில் என் பெயர் வராது.

பிறகு வளர்ந்தது பாருங்கள் அந்தத் தொட்டி! அமேசன் வாள்செடி இலையெல்லாம் முழ நீளம். வாதுமைச் சருகு ஊறிய தண்ணீர் இளந்தேத்தண்ணி நிறம். நடுவில் அப்பம் போல வட்டமாக, சிவப்பும் நீலமுமாக ஆறு மீன்கள், அவசரம் தெரியாமல் திரும்பும். மன்னார் வெயிலுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் கருவியும் தேவைப்படவில்லை. மீன்பிடிக்காரர் வந்து பார்த்து, "இது பொரிச்சா எப்பிடி இருக்கும் நானா?" என்று பகிடி விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். பங்குத்தந்தையும் வந்தார். அதுகூடப் பரவாயில்லை. கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரரை என் மனைவி, என் மனைவிதான், நேரே அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் மூன்று தொட்டி இருக்கிறதே என்று கேட்டேன். "இஞ்சாருங்கோ, அதுகளை அவையள் வந்த அண்டைக்கே பாத்திட்டினம்" என்றாள்.

செடிகளுக்குக் காற்றுக் கொடுக்கச் சீனியும் ஈஸ்டும் போத்தலில் புளிக்க வைத்து, குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டிருந்தார். கடையில் எப்போதும் இலேசான புளித்த வாசம். ஒருநாள் சட்டை தைக்கிற பெண்கள் நாலைந்து பேர் நிற்கும்போது நான் வேண்டுமென்றே, "என்ன நானா, கடைக்குள்ள கள்ளு மணக்குது?" என்று கேட்டேன். ஐந்து வேளை தொழுகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அவர் கோபிக்கவில்லை. "குடிக்கிறது செடி, மாஸ்டர். பழி எனக்கு" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மூக்குடைந்தது எனக்கு. அந்த வசனத்தை ரவுனில் எல்லாரும் சொல்லித் திரிந்தார்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு ஆறுதல் இருந்தது. அந்த ஆறு மீன்களில் ஒரு சோடி சேர்ந்து வாள்செடி இலையில் முட்டையிடும். அடுத்த நாளே இட்டதைத் தின்றுவிடும். இடும், தின்னும். நாலு வருடம் இதே கதை. குஞ்சை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. "தொட்டியில ஏதோ குறை" என்று நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொல்வேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "பழகட்டும் மாஸ்டர். பிள்ளை வளக்கிறது ஆருக்கு முதல்தரமே வருது?" என்பார்.

இருதய வருத்தம் முற்றிக் கொழும்புக்குப் போகும்போது கடையின் திறப்புக் கொத்தை என் கையில் தந்தார். மருமகன் இருக்கிறான், தம்பி இருக்கிறார், எனக்கு ஏன் என்று கேட்டேன். "மன்னாரில மீன் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தானே" என்றார். அதைக் கேட்டு எனக்குக் குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

ஆனால் அவருடைய மீன்கள் என்னைக் கணக்கெடுக்கவில்லை. அவர் போனால் கண்ணாடியில் வந்து முட்டுகிறவை, நான் போனால் இலைகளுக்குப் பின்னால் போய்விடும். மீனிலும் எனக்குப் பொறாமை வந்தது. மூன்றாம் நாள் சோடி முட்டையிட்டது. அவர் ஒவ்வொரு பின்னேரமும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுப்பார். தன் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சோடி என்ன செய்யுது?" என்பதுதான் முதல் கேள்வி. தின்னப்போகிற முட்டைக்கு ஆசை காட்டுவானேன் என்று, "சும்மாதான் நிக்குது" என்றேன். அதுவரை நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்தத் தரம் அவை தின்னவில்லை. முட்டை வெடித்து, இலையில் வால்கள் துடித்தன. ஒன்பதாம் நாள் காலை நான் கடையைத் திறந்து உள்ளே போனபோது இலையில் ஒன்றும் இல்லை. போயிற்று என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன். தாய் மீன் முன்னுக்கு வந்தது. அதன் இரு பக்கமும் தூசி ஒட்டியது போலக் குஞ்சுகள். டிஸ்கஸ் மீன் தன் உடம்பில் ஊறுகிற சளியைத்தான் குஞ்சுக்குப் பாலாகக் கொடுக்கும். அந்த நேரத்தில் அதன் நிறம் கறுக்கும். இதை நான் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. தாய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்ப, அத்தனையும் கழன்று தகப்பன் மீது போய் ஒட்டின. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுதும் இருப்பேன். அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.

பின்னேரம் போன் வந்தது. அடுத்த நாள் ஒப்பரேசன் என்றார். குரல் மெலிந்திருந்தது. "சோடி?" என்று கேட்டார். என் மூன்று தொட்டியில் நடக்காதது இவருடைய தொட்டியில், இவர் இல்லாத நேரத்திலும் நடக்கிறதே என்று இருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது இது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். "அப்பிடியேதான் நானா" என்றேன். அவர் விடவில்லை. "கிட்டப் போய்ப் பாருங்க மாஸ்டர். தாய் கறுத்திருக்கா?" என்று கேட்டார். தாய் என் முகத்துக்கு நேரே, கரிச்சட்டி நிறத்தில் நின்றது.

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி. நீங்க பாக்கிறீங்கதானே, எனக்கு யோசனை இல்ல" என்றார். அதுதான் கடைசி. அடுத்த நாள் அவரைப் பேசவிடவில்லை. அதற்கடுத்த காலை சப்னாவின் போன் வந்தது.

அடக்கத்துக்குப் போனேன். இலுப்பைக்கடவையிலிருந்தும் முசலியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மதம் பார்க்காத கூட்டம். பள்ளிவாசல் மதிலோடு நின்றுகொண்டு, எனக்கு இவ்வளவு சனம் வராது என்று எண்ணினேன். மையித்தைத் தோளில் சுமந்து போய்க்கொண்டிருக்கும்போது இப்படி எண்ணினவன் நான்.

இரண்டு கிழமை கழித்துச் சப்னா, "மீன் எல்லாத்தையும் நீங்களே வச்சிருங்க மாஸ்டர். வாப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள். தொட்டியோடு எல்லாம் என் வீட்டுக்கு வந்தது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. குஞ்சுகள் முப்பது தப்பி, இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டம் பிடித்திருக்கின்றன. சனம் என் வீட்டுக்கு வந்து பார்க்கிறது. மன்னாரில் முதல்முதல் டிஸ்கஸ் குஞ்சு எடுத்தது மாஸ்டரின் கைராசி என்கிறார்கள். என் மனைவியும் அப்படியே சொல்கிறாள்.

பொறுக்கமுடியாமல் போன கிழமை சப்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணலையும் சொன்னேன், அந்த 'இல்லை'யையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "இத ஏன் மாஸ்டர் எனக்குச் சொல்றீங்க? சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே" என்றாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்துவிட்டு வந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களே, ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். அந்தக் குஞ்சுகள் ஜவுபர் நானாவின் குஞ்சுகள். அவருடைய மழைத்தண்ணீரில், அவருடைய செடியில், அவருடைய நாலு வருடப் பொறுமையில் பிறந்தவை. பார்க்க வருகிறவர்களிடம் இனி அப்படித்தான் சொல்லப்போகிறேன். அவருடையதில் என் பங்காக என்னிடம் இருப்பது ஒரு பின்னேரத்துச் சந்தோசம். ஒப்பரேசனுக்கு முதல் நாள் அது அவரிடம் போயிருக்க வேண்டும். கொடுக்க மறந்துபோனேன் என்று சொல்லமாட்டேன். கேட்டார், நான் கொடுக்கவில்லை.