சரசு அக்கா கண்ணைத் திறந்த படம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய டிஜிட்டல் கேமராவின் சார்ஜரைத் தேடினேன். காபி கூடப் போடவில்லை.

சரசு அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஈரோட்டில்... மாரடைப்பு.

பீளமேட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவர். ஓய்வு பெற்றுப் போகும்வரை என் மதியச் சாப்பாட்டில் பாதி அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து வந்ததுதான்.

செய்தி சொன்னது அவர் மகள் கவிதா. அழுகைக்கு நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, ஃபிளெக்ஸுக்கு ஆதார் கார்டு படத்தக் குடுத்துட்டாங்க. அது எங்கம்மா மாதிரியே இல்லைங்க... உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவளிடம் இல்லாததில் ஆச்சரியமில்லை. கேமராவைக் கண்டால் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். ஆண்டு விழா, பிரிவு உபசார விழா, மகளின் கல்யாண ஆல்பம்... எல்லாவற்றிலும் சாமி கும்பிடுகிற மாதிரியே நிற்பார்.

"நானென்ன கண்ணு பண்றது? நீ அமுத்தறதும் அது மூடறதும் ஒண்ணா இருக்குது."

என் குட்டி கேமராவில் 'பர்ஸ்ட் மோட்' உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்தால் விரலை எடுக்கும்வரை படமாக எடுத்துத் தள்ளும். அவிநாசியில் ஒரு சக ஊழியர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் அக்காவை நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் அழுத்தினேன்.

முதல் சத்தத்துக்கே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் சத்தம் நிற்கவில்லை. டக டக டக...

"ஏ அம்மணி! என்ன இது, எங்க ஊட்டுத் தறியாட்ட ஓடுது? நிறுத்து, ரோலு தீந்துபோயிரும்!"

"இதுல ரோலே இல்லீங்க்கா!"

"அப்படியா? அப்ப எடு எடு..." முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அந்தச் சின்னத் திரையில் இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஒன்று தேறியது.

"அட, எனக்குங் கண்ணு இருக்குது பாரு!"

அதற்குப் பிறகு அலுவலகத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் கேள்வி, "தறிக் கேமராவக் கொண்டாந்தியா?"

சார்ஜர் தையல் பெட்டிக்குள் கிடைத்தது. கேமரா உயிரோடுதான் இருந்தது. தேறிய அந்தப் படத்தைக் கவிதாவுக்கு அனுப்பினேன். "இதுதாங்க அக்கா எங்கம்மா" என்று பதில் வந்தது. ஃபிளெக்ஸை மாற்றச் சொல்லிவிட்டாளாம்.

அத்தோடு கேமராவை மூடி வைத்திருக்கலாம். முடியவில்லை.

அம்புக்குறி பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே போனால் அக்கா அசைகிறார். மூடிய கண் திறக்கிறது. திட்டுகிறார், சிரிக்கிறார், கை முந்தானைக்குப் போகிறது. பின்னோக்கி அழுத்தினால் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார்.

அக்காவின் வீடியோ யாரிடமும் இல்லை. கவிதாவிடமும் இல்லை.

ஈரோடு பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டி கிளம்பிவிட்டது. சரசு அக்கா... வாரேனுங்க.

கவிதா முகநூலில் இல்லை, அதனால் இங்கே சொல்லலாம். என் வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. கேமராவும் சார்ஜரும் கைப்பையில் இருக்கின்றன. கூட்டம் கலைந்ததும் அந்த அம்புக்குறியின் மேல் அவள் விரலை எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையோடு திரும்பிவிடுவேன்.