முகம் பார்க்கும் மெஷின்

அம்மா பிழைத்துக்கொண்டதற்காகத் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள் தென்றல். ஒரகடம் தொழிற்சாலை வாசலில் தொப்பியைக் கழற்றி, முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் முன் நின்றாள்.

"நீங்கள் யார்?" என்று கேட்டது திரை.

நாலு வருஷமாகப் பார்க்கிற முகம் தெரியாதா இந்தச் சனியனுக்கு?

"இன்னாம்மா, பின்னாடி கூட்டம் நிக்குது பாரு. கையெழுத்து போட்டுட்டுப் போ!" போனிலிருந்து தலை நிமிராமலே எரிந்து விழுந்தார் சூப்பர்வைசர்.

உள்ளே எல்லோருக்கும் தொப்பி, மாஸ்க். சுங்குவார்சத்திரத்து அறையில் உடன் தங்கியிருப்பவளுக்கோ வேறு ஷிப்ட். மொட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷின் மட்டும் தினமும் கேட்டது.

முடி கொஞ்சம் முளைத்ததும், ஒருநாள் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

இனி அதுவும் கேட்காது.