வீட்டுக்கு ஒரு பேர்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைக் ‘கோசோங்’ என்றுதான் தெரியும். மலாயில் பூஜ்யம் என்று பொருள். பள்ளி இறுதியில் எழுதும் ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்ப் பாடத்தில் அவர் முட்டை வாங்கியதாகத் தோட்டமே நம்பியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கருமக்கிரியை அன்றுகூட ஒரு பெரியவர், “படிப்பு மட்டும் ஏறியிருந்தா எங்கியோ போயிருப்பான், பாவம்” என்று என் காதுபடச் சொன்னார். நான் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அண்ணன் பிள்ளைகள் என்னைக் கட்டுரை எழுதச் சொன்னபோது, இந்த ஒன்றைச் சரி செய்யாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரி லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். பாதையைத் தாண்டினால் ஃபேக்டரி. துவைத்துக் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை சாயங்காலத்துக்குள் தூள் படிந்து பழுப்பாகிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சி, “ஆகா, என்ன வாசம்!” என்பார்கள். எங்களுக்குத் தும்மல்தான் வரும். விடியற்காலை ஃபேக்டரிச் சங்கு ஊதும். சனங்கள் மூடுபனியில் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, யாருக்கு ஃபேக்டரி என்று பிரித்து அனுப்புவார். அப்பாவுக்கு எப்போதும் கொழுந்தை உலர்த்தும் டிரையர் அடுப்புதான். விறகு தள்ளித் தள்ளியே அவருடைய புருவ முடி கருகிப்போயிருந்தது. அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே காலமாகிவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் எல்லாம் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. விறகு அடுப்பு போய் எண்ணெய் அடுப்பு வந்தது. கையால் கொழுந்து கிள்ளியவர்களிடம் கத்தரியைக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் திரிங்காப்பில் முட்டைக்கோசு போடப் போனார். கோடி வீட்டுக்காரர் கம்போங் ராஜாவில் மளிகைக் கடை வைத்தார். போகிறவர்களின் சாமான்களைக் காய்கறி லோரியே ஏற்றிக்கொண்டு போனது. பூட்டிய கதவுகள் பெருகின. போக இடம் இருந்தவர்கள் போனார்கள். எங்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஒரு பேராவது செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கிராணியார் கெட்டவரல்லர். வாசலில் நின்று பொறுமையாகத்தான் சொன்னார்.

“மாசக் கடைசிக்குள்ள ஒரு பேரு குடுத்துடுய்யா. மகனோ மகளோ, எனக்கு யாருன்னாலும் ஒண்ணுதான். அதுக்கு மேல தொர கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

அண்ணன் அப்போது ஐந்தாம் படிவம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதைப் பற்றித்தான் எந்நேரமும் பேச்சு. நான் மூன்றாம் படிவம். தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போனவர்கள் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தாக வேண்டும், அதனால் எனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு அது போதும். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

“நீ பாஸாயிட்டன்னா நீ படி. பொண்ணு கொழுந்துக்குப் போகட்டும்” என்று அண்ணனிடமே சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று அவர் தானா ராத்தா பட்டணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு மழையில் நனைந்து வந்தார்.

“மலாய்ல போச்சுப்பா.”

“போச்சுன்னா?”

“பெயிலுப்பா. மலாய் போனா எல்லாமே போன மாதிரிதான. நாளைக்கு நானே போய்ப் பேரு குடுத்துடறேன்.”

அப்பா அன்றைக்குத் திட்டிய திட்டு பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது. “தண்டச்சோறு! பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல எதப் புடுங்குன?” என்று கத்தியவர் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பெரட்டில் அண்ணனுடைய பேரைக் கூப்பிட்டார்கள். அந்த வாரத்துக்குள்ளேயே அவர் கோசோங் ஆகிவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். பள்ளியில் தமிழ் ஆசிரியர் என்னை நிறுத்திக் கேட்டார். “ஒங்கண்ணன் எந்தக் காலேஜுக்கு மனு போட்டிருக்கான்மா? நல்ல ரிசல்ட்டு. மலாய்ல கிரெடிட்டு எடுத்த நம்ம பையன் அவன் ஒருத்தன்தான்.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஃபேக்டரிக்குப் போனேன். அண்ணன் தலையெல்லாம் தூளாக வெளியே வந்தார். சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

“சாரு ஆள மாத்திச் சொல்லியிருப்பாரு. போய்ப் படி லா பாப்பா. இங்கெல்லாம் வந்து நிக்காத.”

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அண்ணன் கல்லூரிக்குப் போயிருப்பார். நான் சொல்லவில்லை. மறந்தேன், தயங்கினேன் என்றெல்லாம் பூசி மெழுக இப்போது எனக்கு விருப்பமில்லை. சொன்னால் மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிடுவார்கள். அந்த மலைக்கும் அட்டைக்கும் மழைக்கும் நான் பயந்தேன். படிக்க ஆசைப்பட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். அந்த லயத்தில் யாருக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டுமானாலும், அடையாள அட்டைக்கு மனு எழுத வேண்டுமானாலும் அண்ணனிடம்தான் வருவார்கள். எல்லாம் மலாயில் நிரப்ப வேண்டிய படிவங்கள். “கோசோங்கக் கூப்பிடு, பாரத்த நெரப்பட்டும்” என்பார்கள். மலாயில் தோற்றவன் எப்படி மலாயில் மனு எழுதுகிறான் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! அண்ணனும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார். அப்பா மூன்று வருடம் கழித்து அதே வீட்டில் கண்ணை மூடினார். மகன் பெயிலானவன் என்ற வருத்தத்தோடுதான் போனார்.

எண்பதுகளின் நடுவில் ஃபேக்டரியைப் பெரிதாக்கினார்கள். கொழுந்தை வாட வைக்கப் புதுக் கொட்டகை வேண்டும் என்று எங்கள் லயத்தை இடிக்க முடிவானது. மிச்சம் இருந்த குடும்பங்களுக்கு மேட்டில் கல் வீடு கொடுத்தார்கள். நான் அப்போது பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம். விடுமுறைக்கு வந்தபோது அண்ணன் எங்கள் வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்து தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம்கூட அந்த வீடு தாங்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

“இதுக்காகத்தானாண்ணே பேரு குடுத்தீங்க?” என்று கீழே நின்று கத்தினேன்.

அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். “அப்பா இதுக்குள்ளதான செத்தாரு? வீடு இல்லாட்டி அவர எங்க கெடத்தியிருப்போம்? தள்ளி நில்லு, தகரம் விழுது.”

அதன் பிறகு அந்தப் பக்கம் எதுவும் பழையபடி இல்லை. சங்கை நிறுத்திவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் லோரி நிறுத்தினார்கள். பிறகு சுற்றுலாப் பயணிகளுக்குத் தேநீர்க் கடை வந்தது. அண்ணன் மட்டும் அதே ஃபேக்டரியில் இருந்தார், ஓய்வு பெறும் வரைக்கும். அண்ணியைக் கைப்பிடித்தார், இரண்டு பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். குடிக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார். கோபம் வந்தால் மட்டும் இரண்டு நாள் பேச மாட்டார்.

கடைசியில் அவருக்கும் அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சுக் கோளாறு வந்தது. மருத்துவமனையில் ஒரு மத்தியானம் அண்ணி சாப்பிடப் போயிருந்தபோது, இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். “அண்ணே, சாரு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். வேணும்னேதான் அப்பாகிட்ட சொல்லல.”

அவர் ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

“தெரியும் பாப்பா. நீ மட்டும் வாயத் தொறந்திருந்தா அப்பா என்னைய காலேஜுக்கு வெரட்டிட்டு ஒன்னய மலைக்கு அனுப்பியிருப்பாரு. நீ சொல்லிடுவியோன்னு ஒரு வருஷம் பயந்துகிட்டே கெடந்தேன். நல்லவேள, நீ சொல்லல. தேங்க்ஸ் லா.”

அவர் நோயுற்றிருந்த நாள்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மருத்துவமனைக்கு வண்டி கொண்டுவந்து கொண்டுபோன மேட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும், மழையிலும் இடுகாடுவரை தோள் கொடுத்தவர்களுக்கும், திரிங்காப்பிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் பூவும் காய்கறியும் அனுப்பிய பழைய லயத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் எனக்குச் சொன்ன நன்றியை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் அனைவரிடமும் சொல்கிறேன். அண்ணன் தேர்வில் தேறினார். மலாயில் கிரெடிட் வாங்கினார்.