கதவைக் கட்டிப்போட்ட மாப்பிள்ளை

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். அதற்காகவே கப்பலில் போசன் வேலை கொடுத்தார்களோ என்று சாத்தூரில் என்னைக் கேலி செய்வார்கள். டெக்கில் வேலை பார்ப்பவர்களை மேய்ப்பவன்தான் போசன். தலைக்கவசம் போட்டார்களா, உயரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் பெல்ட் கட்டினானா, தீக்கதவு மூடியிருக்கிறதா, எல்லாம் என் தலையில். ஒருவன் செத்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்.

என் தங்கை கணவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவர். ஒரு நாள் அவருடைய அறை வெடித்தது. கூட இருந்தவர்களைச் சாக்கில் அள்ளினார்கள். இவர் மட்டும் திறந்திருந்த கதவு வழியாக வெளியே விழுந்து, முதுகு வெந்து பிழைத்தார். மருந்து அறையில் எல்லாப் பக்கமும் கதவு இருக்கும். வேலை நடக்கும்போது ஒன்றைக்கூடச் சாத்த மாட்டார்கள்.

"அண்ணே, இனி அந்தக் கம்பெனி வேன்ல அவுகள ஏத்த மாட்டேன். உங்கூடக் கூட்டிட்டுப் போ. முழுசாக் கொண்டாந்து என் கையில குடு" என்றாள் தங்கை. தலையாட்டினேன். அவரைப் பயிற்சிக்கு அனுப்பிச் சான்று வாங்கவைத்து, என் கப்பலிலேயே ஏற்றினேன்.

மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு வியாதி. என்ஜின் ரூமுக்கும் எங்கள் அறைகளுக்குப் போகும் படிக்கும் நடுவே கனத்த இரும்புக் கதவு ஒன்று உண்டு. தானாகச் சாத்திக்கொள்ளும். தீயும் புகையும் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைக் கயிற்றால் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடுவார். நான் அவிழ்ப்பேன். மறுபடி கட்டுவார்.

"மாப்ளே, இது உங்க மருந்து ரூம் இல்ல. இங்கன கதவு தொறந்து கெடந்தா அம்புட்டுப் பேரும் புகையில சாவோம்."

"அடைச்ச கதவப் பாத்தா மூச்சு முட்டுது மச்சான். கோவிச்சுக்கிடாதீக."

கயிற்றை அறுத்துக் குப்பையில் எறிந்தேன். புதுக் கயிறு வந்தது. சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மேலதிகாரியும் கூப்பிட்டு எச்சரித்தார். சில நாள் அடங்கியிருந்தார்.

ஒரு மத்தியானம் என்ஜின் ரூமில் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. அபாய மணி அலறியது. நான் ஓடிவந்தபோது கதவு கட்டப்பட்டு ஆவென்று திறந்து கிடந்தது. கரும்புகை படியேறிக்கொண்டிருந்தது. இரவு வேலை பார்த்துவிட்டு மேலே தூங்கியவர்கள் அந்தப் படி வழியாகத்தான் தப்ப வேண்டும். கத்தியால் கயிற்றை அறுத்தேன். எங்கிருந்தோ வந்த மாப்பிள்ளை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, உள்ள ஆயிலர் இருக்கான்லே! அடைக்காத!" என்று கத்தினார். என்ஜினுக்கு எண்ணெய் பார்க்கும் ஆளைத்தான் சொன்னார். அதுவரை என்னிடம் மரியாதை குறையாமல் பேசியவர்.

"அவனுக்கு வேற ஏணி இருக்கு! கைய எடுங்க!"

எடுக்கவில்லை. முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்து ரத்தம் என் சட்டையில் தெறித்தது. அவர் என் கழுத்தைப் பிடித்து நெரித்தார். முழங்காலால் வயிற்றில் இடித்தேன். அப்போதும் ஒரு கை கதவிலேயே இருந்தது. முழு உடம்பாலும் கதவைத் தள்ளினேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கேட்டும் மறுபடி தள்ளினேன். கதவு மூடிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின.

மேல்தளத்தில் ஆட்களை எண்ணினார்கள். ஆயிலர் தப்பிக்கும் ஏணி வழியாக ஏறி, எங்களுக்கு முன்பே அங்கே இருமிக்கொண்டு நின்றான். என்ஜின் ரூமை முழுக்க அடைத்து, கரியமில வாயுவைத் திறந்துவிட்டுத் தீயை அணைத்தார்கள். யாரும் சாகவில்லை. எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். மாப்பிள்ளை துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஊருக்கு வந்தோம். தங்கை அந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீப்பிடித்தது, உள்ளே ஒருவன் இருந்தான், கதவை அடைத்தது நான் என்று சொன்னேன். ஓங்கி அறைந்தாள். இன்னொன்றும் விழுந்தது. நான் தடுக்கவில்லை.

"ஏண்ணே, அந்த ஆளு வெளிய வந்துட்டான்னு தெரிஞ்சுதான அடைச்ச?"

தெரியாது. உள்ளே அவன் வெந்துகொண்டிருந்தாலும் அடைத்திருப்பேன். அதுதான் என் வேலை. நாளைக்கும் அதையே செய்வேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரிஞ்சுதான் அடைச்சாரு" என்றார் மாப்பிள்ளை. "அவன் மேல ஏறிட்டான்னு நாந்தான் சத்தம் குடுத்தேன். கைய எடுக்காம நின்னது என் கிறுக்குத்தனம்."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த மனிதரை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. அவர் இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.